பதினைந்து ஆம்ப்

நாட்டின் பெயர் எஸ்வாட்டினி.
வங்கியில் யாருக்கும் பிடிபடவில்லை,
பழைய பெயரைச் சொன்னேன்: ஸ்வாசிலாந்து.
"ஸ்விட்சர்லாந்தா மேடம்! ஒரே பனியா இருக்குமே"
என்று காசாளர் எழுந்தே நின்றுவிட்டார்.
நான் திருத்தவில்லை.
அன்று டோக்கன் இல்லாமல் வேலை முடிந்தது.

வரைபடத்தில் தேடினால்
விரல் நுனிக்கு அடியில் போய்விடுகிறது.
கிருஷ்ணகிரி மாவட்டத்தை மூன்று முறை விரித்து
ஓரத்தில் கொஞ்சம் ஒட்டுப் போட்டால்
அவ்வளவுதான் தேசம்.
அங்கே ஓர் அன்னாசி ஆலையில்
பதினெட்டு மாதம் நான் சர்க்கரை அளக்க வேண்டும்.
காவேரிப்பட்டணத்தில் பதினாறு சீசன் அளந்தேன்,
எல்லாம் பெங்களூரா மாங்காய்.
கண்ணாடியில் ஒரு சொட்டுக் கூழ்,
ஒற்றைக் கண், வெளிச்சம்,
நீலமும் வெள்ளையும் முட்டிக்கொள்ளும் கோடு.
பழம் எவ்வளவு இனிப்பு என்று சொல்லிவிடுவேன்.
ஊருக்கு அப்படி ஒரு கருவி இல்லை.

விசாரணைக்கு வந்த காவலர் கேட்டார், தனியாவா?
தனியாத்தான்.
மலேரியா மாத்திரை எழுதிய டாக்டர், தனியாவா?
ஆமாம் சார்.
ஓசூரிலிருந்து அக்கா கோமளா, மூன்றாம் தடவையாக,
தனியாவாடி?
இல்லை, தெருவையே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.
வைத்துவிட்டாள்.
பத்து நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டு
புளிக்காய்ச்சல் விமானத்தில் கசியுமா என்றாள்.

சுவர்க் கடிகாரத்தை மூன்றரை மணி பின்னுக்கு வைத்தாயிற்று.
பால்காரர் மணியடிக்கும்போது
எனக்கு ராத்திரி இரண்டு.

பழகிப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிறு
தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி
அஞ்செட்டி தாண்டி
பெயர்ப்பலகை இல்லாத நிறுத்தத்தில் இறங்கினேன்.
போனை அணைத்துப் பைக்கு அடியில் போட்டேன்.
விதி: யாரையும் தெரியாது, ஒன்றும் புரியாது,
சாயங்காலம் வரை இது வெளிநாடு.
பெட்டிக்கடை அம்மாள் கன்னடத்தில் ஏதோ கேட்டாள்.
தெரிந்த கன்னடத்தை விழுங்கிவிட்டு
கையைக் குவித்து டீ கேட்டேன்.
காது கேட்காதவள் என்று நினைத்தாள் போல,
கத்திப் பேசி
ஒரு பன்னைக் காசு வாங்காமல் கொடுத்தாள்.
பன் தொண்டையில் நின்றது.

மூன்று மணிவாக்கில் பயம் வந்தது.
நாய் இல்லை, குடிகாரன் இல்லை,
வெயில்கூட மிதம்தான்.
சும்மா, அடிவயிற்றில்,
வாசல் தட்டாமல் உள்ளே வந்த சொந்தக்காரன் மாதிரி.
அது வருமா என்று பார்க்கத்தானே வந்தேன்.
புளியமரத்தடிக் கல்லில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.
ஐந்து மணிவரை இருந்தது.
கடைசி பஸ்ஸுக்கு முன்பே கிளம்பிவிட்டது,
எதில் போனதோ.

ஏறும்முன் கடைக்குப் போய்
"அக்கா, பன் எஷ்டு?" என்றேன்.
அவள் முறைத்த முறைப்பு
பெட்டியில் மடித்து வைக்க முடிந்தால்
முதலில் அதைத்தான் எடுத்துவைத்திருப்பேன்.

நேற்று ராத்திரி ஷிப்ட் முடிந்தபின்
கூழ் டின் நிறுக்கும் தராசில்
திம்மராயன் என் பெட்டியைத் தூக்கி வைத்தார்.
இருபத்திரண்டு அறுநூறு.
"இன்னும் நானூறு கிராம் கிடக்கு மேடம்."
லேபிலிருந்து நவநீதா கடுகுமாங்காய் என்று கத்தினாள்.
சாமி படம், என்றார் பாய்லர் முனிரத்தினம்,
கண்ணாடி போடாதது.
யோசிக்கிறேன் என்றேன்.
தராசு முள் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது,
எல்லாரும் அதையே பார்த்தோம்.

இன்று ரவுண்டானா பக்கத்து எலக்ட்ரிக் கடையில்
பெரிய பிளக் நாலு கேட்டேன்,
மூன்று உருண்டைக் கால், பதினைந்து ஆம்ப்.
அந்த ஊர்ச் சுவர்களில் நம் கீசர் ஓட்டைதானாம்.
அதைப் படித்த ராத்திரிதான்
இந்த இரண்டு மாதத்தில் நன்றாகத் தூங்கினேன்.

"எதுக்குக்கா, கீசரா ஏசியா?" என்றான் பையன்.
எனக்குத்தான் என்றேன்.
அவன் தலை நிமிராமல் பில் போட்டபடி,
"லோடு எவ்வளவுக்கா வரும்?"